மூன்று நிறக் கட்டளை, ஒரே பச்சை லேசர்: ஆர்ஜிபி சிக்னலை ஒன்றாக்குவது எப்படி?

[காட்சி: கறுப்புத் திரை. பச்சை லேசரில் "தீபாவளி வாழ்த்துகள்". பாதி எழுத்துகளைக் காணோம்.]

சமூக மன்ற மேடை. மென்பொருளில் வாழ்த்து முழுசாக இருக்கிறது, திரையில் பாதிதான் விழுகிறது. புரொஜெக்டரில் பழுது எதுவும் இல்லை. காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறத்தில் வரைந்திருக்கிறார்கள். பச்சை லேசருக்குப் பச்சைக் கம்பி மட்டும் போயிருக்கிறது. மஞ்சளில் பச்சை கலந்திருப்பதால் மஞ்சள் எழுத்து பிழைத்தது, சிவப்பும் நீலமும் தொலைந்தன.

மென்பொருளிலேயே எல்லா நிறத்தையும் ஒரே நிறமாக மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம். ஆயத்தமாக வந்த காட்சியைத் திருத்த வழியில்லை என்றால் தொடர்ந்து பாருங்கள்.

[காட்சி: டிபி-25 இணைப்பி, முனை எண்களுடன்.]

லேசர் காட்சிக் கருவிகளுக்கான பொது முறையான இல்டா இணைப்பியில் சிவப்புக்கு 5, 18; பச்சைக்கு 6, 19; நீலத்துக்கு 7, 20. முதல் எண் பிளஸ், அடுத்தது மைனஸ். 25 கிரவுண்ட். முறையான டிஃபரென்ஷியல் வெளியீட்டில் பிளஸ் கம்பி 0இலிருந்து 2.5 வோல்ட் மேலே ஏறும்போது மைனஸ் கம்பி அதே அளவு கீழே இறங்கும். இரண்டுக்கும் இடையே 5 வோல்ட். விலை மலிவான கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் மைனஸ் வெறும் கிரவுண்ட். பிளஸ்ஸிலேயே முழு 5 வோல்ட் வரும். உங்களிடம் இருப்பது எது என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மூன்று பிளஸ் கம்பியையும் சேர்த்து முறுக்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. ஒரு வெளியீடு 5 வோல்ட்டுக்கு இழுக்க, மற்ற இரண்டும் சுழியத்துக்கு இழுக்கும். பெட்டியின் வெளியீட்டுச் சில்லு சூடேறும்.

மூன்று சம ரெசிஸ்டர் போட்டால் சராசரிதான் கிடைக்கும். சிவப்பு மட்டும் முழுதாக எரிந்தால் 1.67 வோல்ட், வெள்ளைக்கு மட்டுமே 5. கண்ணின் உணர்திறன்படி 30, 59, 11 விழுக்காடு என்று பங்கிடுவது தொலைக்காட்சிக்கு அழகு. இங்கே முழு நீலம் 0.55 வோல்ட்டாகிவிடும், பல லேசர்கள் அந்த அளவில் எரியவே தொடங்கா. கூட்டுவதை மறந்துவிடுங்கள். மூன்றில் எது பெரியதோ அது மட்டும் லேசருக்குப் போகட்டும்.

[காட்சி: மூன்று டையோடு, ஒரு ரெசிஸ்டர்.]

எளிய வழி, ஒவ்வொரு பிளஸ் கம்பிக்கும் ஒரு 1என்4148 டையோடு. மின்சாரத்தை ஒரே திசையில்தான் விடும். மூன்று கேத்தோடையும் (கோடு போட்ட முனை) இணைத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 2.2 கிலோ ஓம். இந்த ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டிவிடாதீர்கள். 100 கிலோ ஓம் போட்டு, கேபிளின் கொள்திறன் 1 நானோ ஃபாரட் என்றால் சிக்னல் வடிய 100 மைக்ரோ வினாடி ஆகும். வினாடிக்கு 30,000 புள்ளி வேகத்தில் ஒரு புள்ளிக்கு 33 மைக்ரோ வினாடிதான். எழுத்துக்கு எழுத்து வால் முளைக்கும்.

எரி, அணை என்று மட்டும் புரிந்துகொள்ளும் டிடிஎல் லேசருக்கு இது போதும், ஆனால் பிளஸ்ஸில் 5 வோல்ட் வரும் பெட்டியாக இருக்க வேண்டும். டிஃபரென்ஷியல் பெட்டியில் 2.5இலிருந்து டையோடு 0.6ஐ விழுங்கி 1.9 மிஞ்சும். டிடிஎல் கேட்பது 2 வோல்ட். லேசர் காரணமில்லாமல் மினுக்குவதாகத் தோன்றும்.

ஒளியளவை ஏற்றி இறக்கும் அனலாக் லேசருக்கோ அந்த 0.6 வோல்ட் என்பது 255 படிகளில் அடியிலிருந்து 30 படி. மெல்ல மங்கும் காட்சி கடைசியில் பொட்டென்று அணையும்.

[காட்சி: முழுச் சுற்று வரைபடம்.]

அதற்குத்தான் ஆப்-ஆம்ப்: தன் இரண்டு உள்ளீடுகளும் சமமாகும்படி வெளியீட்டைத் தானே சரிசெய்யும் பெருக்கி. இரண்டு டிஎல்074 சில்லு (ஒவ்வொன்றிலும் நான்கு ஆப்-ஆம்ப்), நேர் 12, எதிர் 12 வோல்ட் மின்வழங்கி, 1 விழுக்காட்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் பன்னிரண்டு, 1என்4148 மூன்று. மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள சிங்கப்பூர் சிம் லிம் டவரில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

நிறத்துக்கு ஓர் ஆப்-ஆம்ப், நான்கு ரெசிஸ்டர்: பிளஸ், மைனஸ் கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை எடுக்கும் டிஃபரென்ஷியல் ஏற்பி. இரண்டு வகைப் பெட்டிக்கும் இது சரியாக 5 வோல்ட் தரும். அடுத்த மூன்று ஆப்-ஆம்ப்களின் பிளஸ் உள்ளீட்டுக்கு இவற்றைக் கொடுங்கள். வெளியீட்டில் டையோடு, கேத்தோடுகள் ஒரே முனையில், அங்கே 2.2 கிலோ ஓம். அதே முனையிலிருந்து மூன்று மைனஸ் உள்ளீட்டுக்கும் கம்பி திரும்ப வேண்டும். டையோடுக்குப் பிந்தைய வோல்ட்டைப் பார்ப்பதால் ஆப்-ஆம்ப் அந்த 0.6ஐத் தானே கூட்டிக் கொடுத்துவிடும். ஏழாவது பஃபர், அதாவது வோல்ட்டை மாற்றாமல் அப்படியே கடத்துவது; அதிலிருந்து 100 ஓம் வழியாக லேசர் டிரைவருக்கு. எட்டாவதைத் தொங்கவிடாதீர்கள்: பிளஸ் கிரவுண்டுக்கு, மைனஸ் அதன் வெளியீட்டுக்கே. ஒவ்வொரு சில்லின் மின்வழங்கிக் கால்களான 4, 11 அருகே 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி.

எல்எம்324 என்ற ஆப்-ஆம்ப் சில்லு மலிவு, ஆனால் மைக்ரோ வினாடிக்கு அரை வோல்ட்தான் ஏறும். கோட்டின் தொடக்கம் தின்னப்படும். டிஎல்074 சுமார் 13 வோல்ட் ஏறும்.

கதிரை நகர்த்தும் எக்ஸ், ஒய் கம்பிகள், அவசர அணைப்புக்கான 4-17 இன்டர்லாக், 13ஆம் முனை ஷட்டர் எல்லாம் இந்தச் சுற்றைத் தாண்டி அப்படியே போக வேண்டும். இன்டர்லாக்கை மறந்தால் லேசர் எரியாது. அதற்காகப் புரொஜெக்டருக்குள் ஷார்ட் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவசரத்தில் அணைக்கும் வழியையே அடைக்கிறார்கள்.

[காட்சி: மீட்டர். லேசர் கழற்றப்பட்டிருக்கிறது.]

லேசரைக் கழற்றி வைத்துச் சோதியுங்கள். தனிச் சிவப்பு, தனிப் பச்சை, தனி நீலம், வெள்ளை: நான்குக்கும் 5 வோல்ட். கறுப்புக்கு 20 மில்லி வோல்ட்டுக்குள். டிஃபரென்ஷியல் பெட்டியில் ஒரு நிறம் மட்டும் 2.5 காட்டினால் அதன் மைனஸ் கம்பி கிரவுண்டில் பட்டிருக்கலாம். 1.25 என்றால் அறுந்திருக்கிறது. சுத்தமாக வரவே இல்லை என்றால் பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கும்.

மேடையில் முதலில் இந்தப் பலகைக்கு மின்சாரம், பிறகு புரொஜெக்டருக்கு. அணைக்கும்போது தலைகீழ். மாற்றிச் செய்தால் ஆப்-ஆம்ப் விழிக்கும் நொடியில் லேசர் ஒருமுறை பளிச்சிடும். 3பி, 4 வகை லேசர்களுக்குச் சிங்கப்பூரில் உரிமம் தேவை. தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் கேட்டுவிட்டுக் கருவியை மேடையேற்றுங்கள்.