நேற்று படித்தது எங்கே போனது?

நண்பர்களே, வணக்கம்.

வலிப்பு என்றதும் நம் மனதில் வருவது, கீழே விழுந்து கைகால் வெட்டி இழுக்கும் காட்சிதான். நான் இன்று பேச வந்த வலிப்பு பெரும்பாலும் அப்படி வருவதில்லை. மூளையின் பக்கவாட்டில், காதுக்கு உட்புறமாக இருக்கும் டெம்போரல் மடலில் அது தொடங்குகிறது. வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது போல இருக்கும். புதிய இடம்கூட முன்பே பார்த்தது போலத் தோன்றும். அப்புறம் பார்வை நிலைகுத்தும், வாய் சப்புக்கொட்டும், விரல்கள் சட்டையை நெருடும். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். வகுப்பில் அருகில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாமல் போகலாம்.

அந்த மடலின் உள்மடிப்பில்தான் ஹிப்போகேம்பஸ் இருக்கிறது. கிரேக்க மொழியில் கடல்குதிரை என்று பொருள். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். இன்று நடந்ததை நாளைக்கும் நிற்கிற நினைவாக ஆக்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நோயாளி, ஹென்றி மொலைசன். 1953இல், அவருடைய 27ஆம் வயதில், கடும் வலிப்பை அடக்க அமெரிக்காவில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரண்டு பக்கத்து டெம்போரல் மடல்களின் உட்பகுதியையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு சந்தித்த மனிதர்கள், நடந்த சம்பவங்கள் எதுவும் அவரிடம் தங்கவில்லை. பல ஆண்டுகள் தன்னைச் சோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னரையே அவர் ஒவ்வொரு முறையும் புதியவராகத்தான் பார்த்தார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னால் மட்டும் நாளுக்கு நாள் தேறினார். முந்தின நாள் வரைந்தது நினைவில்லை, கைக்குப் பழக்கம் வந்திருந்தது! 2008இல் இறக்கும்வரை ஆய்வாளர்களோடு ஒத்துழைத்த அந்த மனிதருக்கு நாம் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம்.

மொலைசனுக்கு நடந்தது உச்சம். டெம்போரல் மடல் வலிப்பு உள்ளவர்களுக்கு இழப்பு பெரும்பாலும் ஒரு பக்கத்தில், மெதுவாக நடக்கிறது. இடப்பக்கம் பாதித்தால் சொற்கள் வழுக்கும்: கேட்ட கதை, பொருளின் பெயர், படித்த பத்தி. வலப்பக்கம் பாதித்தால் முகமும் வழியும் மறக்கலாம். ஆனால் இது அவ்வளவு தெளிவாகப் பிரிவதில்லை.

வளர்ந்தவருக்கும் குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நாற்பது வயதில் இந்த நோய் வருகிறவரிடம் சேர்த்துவைத்த மொழி இருக்கிறது, தொழில் இருக்கிறது. புதியது நழுவினாலும் பழையதை வைத்துச் சமாளிப்பார். தனக்கு மறதி வந்துவிட்டது என்று அவராலேயே சொல்லவும் முடியும். ஏழு வயதுக் குழந்தை இப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. சேர்க்கும்போதே ஒழுகுகிறது. முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட அதற்கு ஒன்றுமில்லை. அதனால் குழந்தை முறையிடாது, மதிப்பெண் குறையும். நாமோ சோம்பேறி, கவனமில்லை என்று திட்டிவிடுகிறோம். இது எனக்கு மிகவும் வேதனை தரும் விஷயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமான நினைவாற்றல் சோதனையில் ஒரு கதையைச் சொல்லி, சுமார் அரை மணி நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். சிலர் அதில் நன்றாகவே தேறுவார்கள். சில நாட்கள், சில வாரங்கள் கழித்துக் கேட்டால் மற்றவர்களைவிட மிக அதிகமாக மறந்திருப்பார்கள். "நேற்று ராத்திரி ஒப்பித்தானே!" என்று பெற்றோர் சொல்வதும் பொய்யில்லை, பரீட்சையில் பிள்ளை திகைத்து நிற்பதும் பொய்யில்லை.

வலிப்பு வராத நேரத்திலும், குறிப்பாகத் தூக்கத்தில், மூளையில் மின்பொறிகள் தெறிக்கலாம். தூக்கம்தான் நினைவுகள் படியும் நேரம். மருந்துக்கும் பங்கு உண்டு. டோபிரமேட் என்ற வலிப்பு மருந்து சிலருக்குச் சொற்களைத் தேட வைக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்துக்கு அடங்காதபோது அறுவை சிகிச்சை பலன் தருகிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டு முடிவில் சுயஉணர்வை மங்கச் செய்யும் வலிப்புகளிலிருந்து விடுபட்டவர்கள் அறுவைக்கு அனுப்பப்பட்டோரில் 58 சதவீதம், மருந்து மட்டும் பெற்றோரில் 8 சதவீதம். ஆனால் இடப்பக்க அறுவையில் சொல் நினைவு மேலும் குறையும் ஆபத்து உண்டு. அதுவரை நினைவாற்றல் நன்றாக இருந்தவருக்கே இழப்பு அதிகம். சிறுவயதில் மூளை வேறு வழி கண்டுபிடிக்க வாய்ப்பு கூடுதல். மொழியே மறுபக்கத்துக்கு நகர்ந்த குழந்தைகள் உண்டு.

சோதனையில் எல்லாம் சரி என்று உங்களிடம் சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அதே கதையை ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.