கவுன்சலிங் பயிற்சியில் வெளிநாட்டு மாணவர்: தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

[திரையில்: எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், நடுவே ஒலிப்பதிவுக் கருவி]

அமெரிக்காவில் கவுன்சலிங் முதுகலை படிக்கப் போகிறவர்கள் பலருக்கும் முதல் பயம் உச்சரிப்புதான். ஆனால் அமர்வு தடுமாறுவது பெரும்பாலும் வேறு இடத்தில். கிளையண்ட் சொன்ன ஒரு வட்டார வழக்கு புரியாது. கேட்டால் மதிப்பு போய்விடுமோ என்று தலையாட்டிவிடுவோம். பிறகு மனம் அந்தச் சொல்லையே சுற்றிக்கொண்டிருக்கும். கிளையண்ட் பேசுவது காதில் ஏறாது.

அங்கேயே கேட்டுவிடுங்கள்: "இந்தச் சொல் எனக்குப் புதிது. நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?" உள்ளூர் மாணவர் தெரியும் என்று நினைத்துக் கடந்துபோகும் இடத்தில், உங்கள் கிளையண்ட் தன் அனுபவத்தை விரித்துச் சொல்வார்.

[திரையில்: 100 மணி / 600 மணி]

கவுன்சலிங் படிப்புகளை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பான கேக்ரெப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பில், பிராக்டிகம் எனும் முதல் கட்டச் செய்முறைப் பயிற்சி குறைந்தது 100 மணி நேரம். அதில் 40 மணி கிளையண்டோடு நேரடியாக. அடுத்து இன்டர்ன்ஷிப் 600 மணி. அதில் நேரடியாக 240. இந்தக் காலம் முழுக்க வாராவாரம் சூப்பர்விஷன் உண்டு, அதாவது மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து உங்கள் அமர்வுகளை அலசுவது. நம்பிக்கை வளரும் இடம் அதுதான், சரியாகப் பயன்படுத்தினால்.

கிளையண்டின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு பதிவு செய்த அமர்விலிருந்து 5 நிமிடத்தை எடுங்கள். நன்றாகப் போன பகுதி வேண்டாம், திணறிய பகுதி. அதை வரிக்கு வரி எழுதி, உங்கள் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அப்போது மனதில் ஓடியும் சொல்லாமல் விட்டதைக் குறியுங்கள். பதிவைத் திரும்பப் பார்த்து அப்போது மனதில் ஓடியதை நினைவுகூரும் ஐபிஆர் முறையை உருவாக்கியவர் உளவியலாளர் நார்மன் கேகன்; அதன் அடிப்படையும் இதுதான்.

மேற்பார்வையாளரிடம் "எப்படிச் செய்தேன்?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பதோடு முடிந்துவிடும். "மூன்றாவது நிமிடத்தில் மௌனத்தை நான் கலைத்தது அவசரமா?" என்று கேளுங்கள். ஆசிரியரை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்தவர்களுக்கு, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும்தான், நேரில் இது வாயில் வராது. முந்தின நாளே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பாராட்டைவிடத் தானே செய்து முடித்த அனுபவம்தான் நம்பிக்கைக்கு வலுவான ஊற்று என்று 1977-இலேயே உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா எழுதிவிட்டார்.

[திரையில்: ஐ-20 படிவம்]

எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர்கள், வெளி நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் தொடங்கும் முன், படிப்பின் பகுதியாக வேலை செய்வதற்கான சிபிடி அனுமதி, கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாரம் 20 மணிக்கு மேல் போனால் அது முழுநேர சிபிடி. 12 மாதம் அப்படிச் செய்தால், அதே பட்ட நிலையில் ஓபிடி, அதாவது படிப்புத் துறையில் வேலை செய்வதற்கான அனுமதி, கிடைக்காது. 600 மணியை 30 வாரத்தில் பரப்பினால் வாரத்துக்குச் சரியாக 20. கிளையண்ட் வராமல் போன நேரம் நேரடிக் கணக்கில் சேராது; அதனால் ஆரம்ப வாரங்களிலேயே கூடுதலாகச் சில கிளையண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.