துணை நேம் சர்வர் பழைய முகவரியையே சொல்கிறதா? சீரியல் எண்ணைப் பாருங்கள்

[திரை: கறுப்புத் திரையில் டிக் கட்டளை]

வணக்கம். இணையதளப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்வது நேம் சர்வர்; முதன்மை சர்வரில் உள்ளதை நகலெடுத்து வைத்துக்கொண்டு விடை சொல்வது துணை சர்வர். இணையதளத்தின் ஐபி முகவரியை முதன்மை நேம் சர்வரில் மாற்றிய பிறகும் சிலருக்குப் புதிய தளமும் சிலருக்குப் பழைய தளமும் வந்துகொண்டிருந்தால், கேஷ் (தற்காலிகமாகச் சேமிக்கப்பட்ட பழைய விடை) தீரட்டும் என்று பலரும் காத்திருப்பார்கள். அந்த விடையை வைத்திருக்க அனுமதிக்கும் டிடிஎல் காலம் கடந்த பின்னும் அதே நிலை என்றால், காத்திருப்பதில் பயனில்லை. ஒவ்வொரு நேம் சர்வரையும் தனித்தனியே குறிப்பிட்டு, நேம் சர்வரிடம் கேள்வி கேட்கும் டிக் கட்டளையால் எஸ்ஓஏ பதிவைக் கேட்க வேண்டும். சர்வரிடம் உள்ள பதிப்பைக் காட்டும் சீரியல் எண் அதில்தான் இருக்கிறது.

[திரை: இரண்டு விடைகள் அருகருகே]

முதன்மை சர்வர் 2024051502 (ஆண்டு, மாதம், நாள், அன்றைய திருத்த எண்) என்கிறது. துணை சர்வரோ 2042051501 என்கிறது. முந்தைய திருத்தத்தின்போது 2024 என்பதை யாரோ 2042 என்று தட்டிவிட்டார்கள். துணை சர்வர் தன்னிடம் உள்ளதைவிடப் பெரிய சீரியல் எண்ணைக் கண்டால் மட்டுமே சோன் கோப்பை (அந்தப் பெயருக்கான பதிவுகள் உள்ள கோப்பை) நகலெடுக்கும் என்பதால், நீங்கள் செய்யும் சரியான திருத்தங்களை எல்லாம் பழையவை என்று கருதி அது ஒதுக்கிவிடுகிறது. நேம் சர்வரை இயக்கும் பைண்ட் மென்பொருள் இதைத் தன் லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) தெளிவாகவே எழுதுகிறது. ஆனால் துணை சர்வரின் லாகைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

துணை சர்வரின் எண் சிறியதாக இருந்தால் கோளாறு வேறு: பெரும்பாலும் ஃபயர்வாலில் 53ஆம் போர்ட்டுக்கு சாதாரணக் கேள்விகள் செல்லும் யுடிபி வழி மட்டும் திறந்து, சோன் கோப்பை நகலெடுக்கத் தேவையான டிசிபி வழி அடைபட்டிருக்கும்.

[திரை: கடிகாரம் போன்ற வட்டம்]

துணை சர்வர் உங்கள் கையில் இருந்தால், பைண்டின் ஆர்என்டிசி ரீட்ரான்ஸ்ஃபர் கட்டளை எண்ணைப் பாராமல் நகலெடுக்க வைக்கும். நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். வேறொருவர் பொறுப்பில் இருந்தால் கணக்கைத்தான் நம்ப வேண்டும். சீரியல் எண் 32 பிட் கொண்டது. 4294967295ஐத் தொட்டதும் மீண்டும் 0க்கு வரும். 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1982 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின்படி, இந்த வட்டத்தில் பாதிச் சுற்றுக்குள் முன்னால் நிற்கும் எண்ணே பெரியது. எனவே தவறான எண்ணுடன், ஒரே தாவலில் முன்னேறக்கூடிய அதிகபட்ச அளவான 2147483647ஐக் கூட்டி, 4189535148 என்று சோன் கோப்பில் எழுதி ரீலோட் செய்யுங்கள்.

எல்லாத் துணை சர்வர்களும் அந்த எண்ணைக் காட்டும் வரை அடுத்த அடி வைக்கக் கூடாது. ஒன்று விடுபட்டாலும் அது 2042லேயே நின்றுவிடும். அனைத்தும் வந்துவிட்டதை டிக் மூலம் உறுதிசெய்துகொண்டு 2024051502 என்று எழுதினால், வட்டத்தைச் சுற்றி வந்த அந்த எண்ணைத் துணை சர்வர்கள் புதியதென ஏற்றுக்கொண்டு, கோப்பை நகலெடுத்துக்கொள்ளும்.

[திரை: இரு சர்வர்களிலும் 2024051502]