ஒரு பிளிட்ஸ் கூட இல்லாமல் மஹோம்ஸைக் கவிழ்த்த இரவு

வணக்கம் மக்களே! கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்ட் உடைந்துவிட்டது. இரண்டு அரிசி டப்பாவை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

பச்சை ஜெர்சியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்திருக்கும். அமெரிக்கக் கால்பந்து அணி பிலடெல்பியா ஈகிள்ஸ்தான். ஆனால் இன்று பந்தை எறிகிற ஜேலன் ஹர்ட்ஸும் இல்லை, பந்தோடு ஓடுகிற சேக்வான் பார்க்லியும் இல்லை. டிஃபென்ஸைப் பற்றி, அதாவது எதிரணியைத் தடுக்கும் ஆட்களைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு வாக்குமூலம். 2024 செப்டம்பரில் இதே சோபாவில் உட்கார்ந்து, "இந்த விக் ஃபாஞ்சியோவை யார் கூட்டிக்கொண்டு வந்தது?" என்று கத்தியவன் நான். அவர்தான் நம் டிஃபென்ஸ் பயிற்சியாளர்.

ஏன் கத்தினேன் என்று சொல்கிறேன். அது இரண்டாவது வாரம், திங்கட்கிழமை இரவு, நம் சொந்த மைதானத்தில் அட்லான்டா ஃபால்கன்ஸுடன் ஆட்டம். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. பார்க்லி கைக்கு வந்த ஒரு பந்தைத் தவறவிட்டார், அது தனி வயிற்றெரிச்சல். அப்புறம் நாம் பந்தை உதைத்து மூன்று புள்ளி தரும் ஒரு ஃபீல்ட் கோல் அடித்தோம். ஃபால்கன்ஸுக்கு மிச்சம் இருந்தது 1 நிமிடம் 39 வினாடி. கையில் ஒரு டைம் அவுட் கூட இல்லை. போக வேண்டியது 70 யார்டு. அவர்கள் பக்கம் பந்தை எறிகிற கர்க் கசின்ஸ் என்ன செய்தார்? ஏதோ மளிகைக் கடைக்குப் போய்வருவது போல ஆறே முயற்சியில் போய்ச் சேர்ந்துவிட்டார். 22-21 என்று தோற்றோம். நம் ஆட்கள் பின்னால் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள், அவர் முன்னால் இருக்கிற காலி இடத்தில் போட்டுக்கொண்டே இருக்கிறார். "பிளிட்ஸ் அனுப்புய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டில் இருந்து கம்பால் கூரையைத் தட்டினார்கள்.

பிளிட்ஸ் என்றால் என்ன என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரணியில் பந்தை எறிகிற ஆளான குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். வழக்கமாக நம் பக்கம் நாலு பேர் அவர் மேல் பாய்வார்கள், மற்ற ஏழு பேர் பாஸைத் தடுக்கப் பின்னால் நிற்பார்கள். ஐந்தாவது ஆளையோ ஆறாவது ஆளையோ சேர்த்து அனுப்பினால் அது பிளிட்ஸ். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அனுப்பிய ஆள் நின்ற இடம் காலி. நல்ல குவார்ட்டர்பேக் என்றால் அந்தக் காலி இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

ஃபாஞ்சியோவுக்கு இது பிடிக்காது. கடைசி வரிசைக் காவலர்களான இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்துவார். பந்து கிளம்புகிற வரை இருவரும் ஒரே மாதிரி நிற்பார்கள். கிளம்பிய அடுத்த நொடி ஒருவர் கீழே இறங்குவார், அல்லது இருவரும் பின்னாலேயே போவார்கள், அல்லது மைதானத்தின் ஒரு பாதியில் ஒரு திட்டம், மறுபாதியில் வேறு திட்டம். குவார்ட்டர்பேக் ஆட்டம் தொடங்கும் முன் படித்து வைத்த பாடம் பாதியிலேயே மாறிவிடும். அவர் இன்னொரு முறை யோசிக்க வேண்டும். அந்த யோசனைக்கு ஆகிற அரை நொடியை நம்பித்தான் இந்த மனிதர் பிழைப்பு நடத்துகிறார்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்: பவுண்டரியில் ஆளைப் போட்டுவிட்டு, "சிங்கிள் எடுத்துக்கோ ராசா" என்று விட்டுவிடுவது. பத்து சிங்கிள் எடுப்பதற்குள் எங்கேயாவது ஒரு தப்பு நடக்கும். ஆனால் மூன்று மணி நேரம் சிங்கிள் கொடுப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிற ரசிகனின் ரத்த அழுத்தத்துக்கு யார் பொறுப்பு?

நான்காவது வாரம் டாம்பா பே அணியிடம் 33-16 என்று உதை வாங்கினோம். இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. அதற்கு முந்தைய வருடம் 10-1 என்று ஆரம்பித்து, பாதியில் டிஃபென்ஸ் பொறுப்பை ஷான் தேசாயிடமிருந்து மேட் பட்ரிசியாவுக்கு மாற்றி, 11-6 என்று முடித்து, ப்ளே ஆஃபில் இதே டாம்பாவிடம் 32-9 என்று தோற்று வீட்டுக்கு வந்த அணி இது. அந்தப் பயம் எனக்கு மட்டுமல்ல, ஊருக்கே இருந்தது.

பிறகு ஒரு வாரம் ஓய்வு. ஓய்வு முடிந்து வந்ததும் கூப்பர் டிஜீனை ஸ்லாட் கார்னர் இடத்தில், அதாவது ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் காவல் நிற்கும் இடத்தில் இறக்கினார்கள். புது ஆட்டக்காரர்களை அணிகள் பிரித்து எடுக்கும் அந்த வருட டிராஃப்டில் 40ஆவதாக எடுத்த பையன். என்னைக் கேட்டால் மொத்தக் கதையும் திரும்பியது அங்கேதான். ஏனென்றால் சேஃப்டி இரண்டு பேரும் பின்னால் நிற்கும்போது, பந்தைக் கையில் பிடித்து ஓடிவருபவரைத் தடுக்க முன்னால் ஆள் குறைவு. ஜோர்டன் டேவிஸ் 150 கிலோவுக்கு மேல், அவரும் ஜேலன் கார்ட்டரும் நடுவை அடைத்துக்கொள்வார்கள். ஆனால் ஓரத்தில் பிய்த்துக்கொண்டு வருபவரை அந்த ஸ்லாட் கார்னர்தான் தனியாளாகச் சாய்க்க வேண்டும். அந்த இடத்தில் பயந்தாங்கொள்ளி நின்றால் இந்தத் திட்டமே பல்லிளித்துவிடும்.

டிசம்பர் முதல் தேதி பால்டிமோரில் நடந்தது நினைவிருக்கிறதா? எதிரணியில் பந்தோடு ஓடிவருகிற டெரிக் ஹென்றி. 110 கிலோவுக்கு மேல் எடை, ரயில் எஞ்சின் மாதிரி வருவார். எதிரே டிஜீன், ஒற்றை ஆள். காலைப் பிடித்து எப்படியாவது தொங்குவான் என்றுதான் நினைத்தேன். இந்தப் பையன் நேராக உள்ளே புகுந்து, இடுப்பைக் கட்டி, தூக்கி, பின்பக்கமாகச் சாய்த்தான். ஹென்றி மல்லாந்து விழுந்தார். நான் அதை ஏழெட்டு முறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். 24-19, ஜெயித்தோம். ஓய்வுக்குப் பிறகு தொடர்ந்து பத்து வெற்றி. சீசன் முடிவில் எதிரணிக்குக் குறைந்த யார்டு விட்ட டிஃபென்ஸ் நம்முடையதுதான்.

ஜாக் பான் என்ற ஆட்டக்காரரைச் சொல்லாமல் போனால் பாவம். நியூ ஆர்லியன்ஸில் பெரும்பாலும் ஸ்பெஷல் டீமில், அதாவது பந்தை உதைக்கும் நேரங்களில் மட்டும் இறங்கும் குழுவில் ஓடிக்கொண்டிருந்தவர். ஒரு வருட ஒப்பந்தம், 35 லட்சம் டாலர், இந்த லீகில் அது சில்லறைக் காசு. ஓரத்தில் ஆடியவரை முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்கும் லைன்பேக்கராக நிறுத்தினார் ஃபாஞ்சியோ. அந்த வருடமே ஆல் ப்ரோ முதல் அணி, அதாவது லீகின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம்.

சரி, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு வருவோம். 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ், எதிரே கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ். இதற்கு முன் 2023 பிப்ரவரியில் இதே சீஃப்ஸிடம் 38-35 என்று தோற்றோம். குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு கீழே சாய்த்தால் அது சாக்; அந்த சீசனில் நம் அணி எடுத்த சாக் 70. எழுபது! அந்த ஒரு இரவில் சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் மேல் எடுத்தது பூஜ்யம். அந்தப் புண் ஆறாமலே இந்த ஆட்டத்துக்கு உட்கார்ந்தேன். பாட்ரிக் மஹோம்ஸ் மேல் பிளிட்ஸ் அனுப்பினால் அவருக்குக் கொண்டாட்டம், அது தெரிந்த கதை. அதனால் ஃபாஞ்சியோ குறைவாக அனுப்புவார் என்று நினைத்தேன். குறைவாக இல்லை. ஒன்று கூட அனுப்பவில்லை. 42 முறை மஹோம்ஸ் பந்தை எறியப் பின்வாங்கினார், 42 முறையும் பிளிட்ஸ் கிடையாது. ஆனாலும் ஆறு சாக். ஜாஷ் ஸ்வெட் மட்டும் இரண்டரை.

இரண்டாவது குவார்ட்டரைப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு சாக், மூன்றாவது டவுனில், அதாவது நாலு வாய்ப்பில் மூன்றாவதில், 16 யார்டு வேண்டும். மஹோம்ஸ் வலது பக்கம் நகர்கிறார். பின்னால் ஏழு பேர் இருப்பதால் யாரும் திறந்து கிடைக்கவில்லை. ஓடிக்கொண்டே நடுப்பக்கம் பார்த்து எறிகிறார். எறிகிற நேரத்தில் அந்த இடம் காலி மாதிரிதான் தெரிகிறது. எங்கிருந்தோ டிஜீன் வந்து பந்தைப் பறித்து, மைதானத்தைக் குறுக்கே வெட்டி 38 யார்டு ஓடி டச்டவுன். 17-0. அன்று அவனுக்கு 22ஆவது பிறந்தநாள் வேறு! பிளிட்ஸ் போயிருந்தால் அந்த இடத்தில் நிற்க ஓர் ஆள் இருந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் பான் இன்னொரு பந்தைப் பறித்தார். இடைவேளையில் 24-0. முதல் பாதி முழுக்க சீஃப்ஸ் எடுத்தது 23 யார்டு. கடைசியில் 40-22 என்று கௌரவமாகத் தெரிகிறது, அதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு போட்ட கோலம்.

இப்போது எனக்குள் இருக்கிற சந்தேகம். ஊரே ஃபாஞ்சியோவை மேதை என்கிறது. மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் நாலு பேரை மட்டும் அனுப்பி வேலை முடிய வேண்டும் என்றால், அந்த நாலு பேரும் அசாத்தியமான ஆட்களாக இருக்க வேண்டும். 2023ல் இதே மனிதர் மயாமியில் இருந்தார், அங்கே இந்தக் கிரீடத்தை யாரும் சூட்டவில்லை. ஆள் இருந்தால்தான் திட்டம். அன்று இரண்டு சாக் எடுத்த மில்டன் வில்லியம்ஸை நியூ இங்கிலாந்து 10.4 கோடி டாலருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஸ்வெட் அரிசோனாவுக்குப் போய்விட்டார். சேஃப்டி கார்ட்னர் ஜான்சனை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். பிராண்டன் கிரஹாம் 2025 மார்ச்சில் ஓய்வு அறிவித்தார். 2025 சீசன் தொடங்கும்போது கார்ட்டர் இருந்தார், டேவிஸ் இருந்தார், நோலன் ஸ்மித், ஜேலிக்ஸ் ஹன்ட் இருந்தார்கள். அந்த வருட டிராஃப்டில் 31ஆவதாக ஜிஹாட் காம்ப்பெல் வந்தார். கார்ட்டர் மேல் எல்லோரும் இரண்டு ஆளைப் போடுவார்கள், அப்போது மற்ற மூன்று பேரில் யார் உடைத்துக்கொண்டு போவது? எனக்கு ஹன்ட் மேல் ஒரு கண் இருக்கிறது.

2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை இரவு, அந்த சீசனின் முதல் ஆட்டமே டாலஸுடன், நம் ஊரில் நடந்தது. அன்று பிளிட்ஸ் கேட்டுக் கத்த மாட்டேன் என்று வீட்டில் சத்தியம் செய்திருந்தேன். கீழ்வீட்டில் மட்டும் சொல்லவில்லை. ஐயையோ, டப்பா சரிகிறது, நான் வருகிறேன்...