இல்லாத பணத்தை எண்ணிய பத்திரிகை

வணக்கம். இன்று மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். காற்று அடித்தால் மைக் இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கைக்கடிகாரத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். பட்டை வெடித்திருக்கிறது, தெரிகிறதா? இதை மாற்ற வேண்டும் என்று ஆறு மாதமாகப் புலம்புகிறேன். அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனி கட்டியிருந்த கேசியோ இதைவிட மலிவு. சுமார் 15 டாலர்தான். அந்த மனிதர் நன்கொடையாகக் கொடுத்துத் தீர்த்தது 800 கோடி டாலர்.

1931இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிறந்தவர். விமானப்படையில் இருந்துவிட்டு, முன்னாள் வீரர்களுக்கான அரசு உதவியில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹோட்டல் நிர்வாகம் படித்தார். கைச்செலவுக்குச் சக மாணவர்களிடம் சாண்ட்விச் விற்றார். 1960இல் ராபர்ட் மில்லரோடு சேர்ந்து, வெளிநாட்டுப் பயணிகளுக்கான வரியில்லாக் கடைத் தொழிலில் இறங்கினார். 1964இல் ஜப்பான் தன் மக்களுக்கு வெளிநாட்டுச் சுற்றுலாவைத் திறந்துவிட்டது. ஊர் திரும்பும்போது எல்லோருக்கும் பரிசு வாங்கிப்போவது அவர்கள் வழக்கம். ஹாங்காங்கிலும் ஹவாயிலும் கடை விரித்திருந்தவருக்கு வேறென்ன வேண்டும்? விஸ்கியும் பிராந்தியும் பறந்தன. குவிந்த பணத்தை முதலீடு செய்ய 1980இல் ஜெனரல் அட்லாண்டிக் தொடங்கப்பட்டது. அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். 1984இல் அவர் தம் பங்கு முழுவதையும் தமது அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார். கூட்டாளிகளுக்கே தெரியாது. 1988இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவரைப் பெரும் பணக்காரர் பட்டியலில் சேர்த்து, 130 கோடி டாலர் என்று கணக்கும் போட்டது. அந்தப் பணம் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கைமாறியிருந்தது! மனிதர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாடகை வீடு, விமானத்தில் சாதாரண வகுப்பு, காகிதங்களைத் தூக்கிச் செல்ல ஒரு பிளாஸ்டிக் பை.

நன்கொடை வாங்கியவர்களும் வாயைத் திறக்கக்கூடாது. உபயம் என்று பெயர்ப்பலகை வைக்கக்கூடாது. இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அறக்கட்டளையைப் பெர்முடா தீவில் பதிந்ததே அமெரிக்கச் சட்டம் கேட்கும் கணக்கை வெளியிடாமல் இருக்கத்தான். யார் எதற்குக் கொடுக்கிறார் என்று தெரியாத பெரும்பணத்தை யார் கேள்வி கேட்பது? அடக்கம் வேறு, மறைப்பு வேறு. அவரிடம் இரண்டும் கலந்திருந்தன என்றே நினைக்கிறேன்.

1997இல், கடைகளில் இருந்த அந்தப் பங்கை எல்விஎம்ஹெச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப்பொருள் நிறுவனத்துக்கு விற்றபோது விஷயம் வெளியே வந்தது. அதன்பின் வேகம் கூடியது. அயர்லாந்தில் பல்கலைக்கழகங்கள், வியட்நாமில் மருத்துவமனைகள், கார்னெலுக்கு மட்டும் கிட்டத்தட்ட 100 கோடி டாலர். 2020 செப்டம்பரில் பெட்டி காலியாகி அறக்கட்டளையே மூடப்பட்டது. 2023 அக்டோபரில், 92 வயதில் காலமானார்.

கார்னெலில் எந்தக் கட்டடத்துக்கும் தம் பெயரை வைக்க விடாதவர். 2021இல், அவருடைய 90ஆம் பிறந்தநாளை ஒட்டி, வளாகத்துச் சாலை ஒன்றுக்கு ஃபீனி வே என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாண்ட்விச் சுமந்து திரிந்த அதே வளாகம்.