பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவள்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம், பொங்கல் வாழ்த்து. நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த எடிசன் நகரம், அமெரிக்கப் பழங்குடிகளான லெனாபே மக்களின் மண். நியூஜெர்சி முழுவதும், பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியும், நியூயார்க்கின் தென்கிழக்கும், டெலவேரின் வடக்கும் சேர்ந்ததுதான் அவர்களுடைய நாடு, லெனாபேஹோக்கிங். பக்கத்தில் ஓடுகிற ராரிட்டன் ஆறு, தினமும் ரயில் பிடிக்கிற மெட்டச்சன், நம்மில் பல பேர் வீடு வாங்கியிருக்கிற பார்சிப்பனி எல்லாமே அவர்கள் விட்டுப்போன பெயர்கள். அதனால்தான் நடுவர் இந்த ஆண்டு இந்தத் தலைப்பைக் கொடுத்தார். லெனாபே மக்களை லெனாபேயாக வைத்திருந்தது பிறந்த மண்ணா, தாய்வழி உறவா? உறவுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

லெனாபே பிள்ளை அம்மாவின் குலம். ஆமை, ஓநாய், வான்கோழி என்று மூன்று பெருங்குலங்கள். அம்மா ஆமை என்றால் பிள்ளையும் ஆமை. அப்பா வேறு குலமாகத்தான் இருப்பார், ஏனென்றால் சொந்தக் குலத்துக்குள் பெண் எடுக்கக் கூடாது. தலைவர் இறந்தால் பட்டம் மகனுக்கு வராது, மகன் வேறு குலமாயிற்றே. தம்பிக்கு வரும், இல்லையென்றால் அக்கா தங்கை பிள்ளைக்கு வரும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, இப்போது எதிரணித் தம்பிக்கு வருகிறேன். நன்றாகப் பேசினார், கைத்தட்டலும் வாங்கினார். கடைசியில் ஒன்று சொன்னாரே, கவனித்தீர்களா? "1742-இல் இரோகுவா என்ற பக்கத்துப் பழங்குடிக் கூட்டமைப்பின் தலைவர் கனசடேகோ லெனாபே மக்களைப் பார்த்து, நீங்கள் பெண்கள், பெண்களுக்கு நிலம் விற்க உரிமை இல்லை, எழுந்து போங்கள் என்றார். பெண்வழி என்று போனால் கதி இதுதான்!" அரங்கமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையைவிட்டு இறங்கவும் மாட்டேன்.

முதலில், அந்தச் சொல் எப்போது, யாருக்காகச் சொல்லப்பட்டது? அதற்கு ஐந்து ஆண்டு முன்னால் 1737-இல் நடந்ததைப் பாருங்கள். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் லெனாபே மக்களோடு நட்பாக இருந்தவர். அவருடைய பிள்ளைகள் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டினார்கள். ஒரு மனிதன் ஒன்றரை நாளில் நடக்கிற தூரம்வரை நிலம் எங்களுக்கு என்று அதில் இருக்கிறதாம். லெனாபே பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். நடை என்றால் அவர்களுக்கு நடைதான். நடுவில் உட்காருவான், சாப்பிடுவான், ஒரு குழல் புகையிலை பிடிப்பான், மறுபடி நடப்பான். பென்னின் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? முன்கூட்டியே காட்டில் பாதை வெட்டிவைத்தார்கள். கூலிக்கு மூன்று பேரைப் பிடித்தார்கள். செப்டம்பர் 19 விடியற்காலை மூவரும் கிளம்பினார்கள். கூட வந்த லெனாபே ஆட்கள், இது என்ன நடையா என்று கேட்டுக் கோபித்துத் திரும்பிவிட்டார்கள். ஓடியவர்களில் இருவர் நடுவழியில் விழுந்தார்கள். எட்வர்ட் மார்ஷல் என்ற ஒருவர் மட்டும் மறுநாள் நண்பகல்வரை தாக்குப்பிடித்து, அறுபது மைலுக்கு மேல் போய் நின்றார். அப்புறமாவது அங்கிருந்து நேராக ஆற்றுக்குக் கோடு போட்டார்களா? இல்லை. கோணத்தை வளைத்து டெலவேர் ஆற்றின் மேற்பகுதிவரை இழுத்தார்கள். ஏறக்குறைய 1,200 சதுர மைல் போயிற்று.

லெனாபே மக்கள் இடத்தைவிட்டு நகரவில்லை. அதனால் பென்சில்வேனியா அரசு இரோகுவாக்களைப் பிலடெல்பியாவுக்கு வரவழைத்தது. அந்தச் சபையில்தான் கனசடேகோ அப்படிப் பேசினார். தம்பி, நீங்கள் மேற்கோள் காட்டியது நிலம் பறித்தவர்களுக்காகப் பேசப்பட்ட பேச்சு!

இரண்டாவது, 'பெண்' என்பது வசை என்று உங்களுக்கு யார் சொன்னது? லெனாபே பெரியவர்கள் அதற்குக் கொடுத்த விளக்கமே வேறு. அவர்களோடு பல ஆண்டு வாழ்ந்த ஹெக்கவெல்டர் என்ற பாதிரியார் அதை எழுதிவைத்திருக்கிறார். இனங்களுக்குள் சண்டை மூண்டால் நடுவில் நின்று நிறுத்துகிறவள் பெண். அந்த மரியாதையான வேலையை ஏற்றுக்கொண்டதால்தான் எங்களுக்கு அந்தப் பெயர் என்றார்கள். சுற்றியிருந்த பல இனங்கள் லெனாபேக்களைப் 'பாட்டனார்' என்றுதான் அழைத்தார்கள். பாட்டனார் என்று கூப்பிடுகிற வாய் வசை பாடுமா?

அவர்கள் ஊரில் பெண் யார் என்று காட்ட ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். பெயர் பாசஹமன். வசந்தகாலத்து ஆட்டம், ஜூன் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். மான்தோலைத் தைத்து, உள்ளே மான்முடியை அடைத்த நீள்உருண்டைப் பந்து. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். ஆண் பந்தைக் காலால் மட்டும்தான் உதைக்க வேண்டும். பெண்? உதைக்கலாம், எறியலாம், கையில் தூக்கிக்கொண்டும் ஓடலாம். எண்ணிக்கைக்குப் பன்னிரண்டு குச்சிகள்.

மறுபடியும் சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்க வேண்டும். ஆணுக்குக் கால் மட்டும். பெண்ணுக்குக் கையும் உண்டு, காலும் உண்டு!

அடுத்த கோடையில் நம் பிக்னிக்கில் இதை வையுங்கள். இந்தப் பக்கம் நம் அண்ணன்மார்கள், ஷூவெல்லாம் மாட்டிக்கொண்டு தயார். அந்தப் பக்கம் அக்காமார்கள், சித்திமார்கள், ஊரிலிருந்து வந்திருக்கிற ஒரு பாட்டி. பந்து பாட்டி கைக்கு வருகிறது. பாட்டி அதை இடுப்பில் இடுக்கிக்கொள்கிறாள், குடம் வைக்கிற அதே இடுப்பு. ஓடுகிறாள். அண்ணன்மார்கள் சுற்றிச்சுற்றி வருகிறார்கள், கையை நீட்டிப் பறிக்க முடியவில்லை. குச்சி ஒன்று பெண்கள் பக்கம் போகிறது. மறுபடி பந்து, மறுபடி பாட்டி, மறுபடி குச்சி!

அந்த மைதானத்தில் நிற்கிற ஒரு லெனாபே இளைஞனிடம் போய் 'நீ பெண்' என்று சொல்லிப் பாருங்கள், தம்பி. எனக்கும் கையில் பந்தைத் தூக்க உரிமை கிடைத்ததா என்று கேட்டிருப்பான்!

விளையாட்டில் மட்டுமா? மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மண்மேட்டில் வளர்த்தவள் அவள். விளைந்த தானியம் அவள் பொறுப்பு. ஒரு அருங்காட்சியகத்தில் லெனாபே உரல் ஒன்றைப் பார்த்தேன். அடிமரத்தைக் குடைந்து செய்தது, நின்றுகொண்டே இடிக்கிற உயரம். குழியின் உள்சுவர் வழவழப்பாகத் தேய்ந்து, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கம்தான் அவள் நின்றிருப்பாள். என் ஆச்சி வீட்டு உரலிலும் அப்படி ஒரு தாழ்வு உண்டு. அங்கேயே நெடுநேரம் நின்றுவிட்டேன்.

நடுவர் அவர்களே, மணியைப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. இன்னும் இரண்டு நிமிடம்.

மண் போயிற்று. ஒஹாயோ போனார்கள், இந்தியானா, மிசௌரி, கான்சாஸ் போனார்கள். 1867-இல் ஒரு பெரும்பகுதி இன்றைய ஓக்லஹோமாவுக்கு நகர்ந்தது. வேறு சிலர் கனடாவின் ஒன்டாரியோவுக்கு, சிலர் விஸ்கான்சினுக்கு. ஒவ்வொரு தடவையும் வீட்டைவிட்டார்கள், ஆற்றைவிட்டார்கள், புதைத்த அம்மாவைவிட்டார்கள். விதைச் சோளத்தை விடவில்லை. செசாப்சிங் என்ற அந்த நீலச் சோளம் அவர்களோடு ஓக்லஹோமாவரை நடந்தது.

அந்த அந்நிய மண்ணிலும் 'பெரிய வீடு' கட்டினார்கள். இலையுதிர் காலத்தில் பன்னிரண்டு இரவுச் சடங்கு. மரத்தூண்களில் செதுக்கிய முகங்கள், பாதி சிவப்பு, பாதி கறுப்பு. உள்ளே எப்படி உட்கார்ந்தார்கள் தெரியுமா? ஆமைக்கு ஓரிடம், ஓநாய்க்கு ஓரிடம், வான்கோழிக்கு ஓரிடம். ஆயிரம் மைலுக்கு அப்பாலும் அம்மாவின் குலம் எந்த மூலையில் உட்கார வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. முழுச் சடங்கு கடைசியாக நடந்தது 1924-இல்.

அப்போது நோரா தாம்ப்சன் டீன் என்ற லெனாபே பெண்ணுக்குப் பதினேழு வயது இருக்கும். 1907-இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். இந்த ராரிட்டன் கரையில் பிறக்காதவர். ஆனால் மொழி, பாட்டு, மருந்து, பெயர் வைக்கிற முறை எல்லாம் வீட்டில் கேட்டுக் கேட்டு வந்தது. கேட்க வந்தவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார், ஒலிநாடாவில் பேசிவைத்தார். 1984-இல் காலமானார். அவருடைய சகோதரர் எட்வர்ட் தாம்ப்சன் 2002-இல் போனார். ஓக்லஹோமா லெனாபேக்கள் பேசிய அந்த மொழியைப் பிறப்பிலிருந்து சரளமாகப் பேசிய கடைசி மனிதர் அவர்தான். சகோதரி போன பிறகு பதினெட்டு ஆண்டு அந்த மனிதர் வீட்டு மொழியில் யாரோடு பேசியிருப்பார்? இதைப் படித்த அன்று ஊருக்கு போன் போட்டேன். அக்கா, ஏதாவது பேசு என்றேன். என்னடா ஆச்சு என்றாள். ஒன்றுமில்லை, பேசு என்றேன்.

நடுவர் அவர்களே, அவர்களுடைய பேசும் அகராதி இணையத்தில் இருக்கிறது. ஒரு சொல்லைத் தொட்டால் குரல் வருகிறது, அதில் நோரா அம்மாவின் குரலும் உண்டு. 'வானிஷி' என்கிறார்கள், நன்றி என்று பொருள். தீர்ப்பு எழுதுவதற்கு முன் அந்தக் குரலை ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. வானிஷி.