உள்ளே போன தேதி இருக்கிறது, வெளியே வந்த தேதி எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் டெக்சாஸில் குடியிருக்கிறேன். வக்கீல் இல்லை. போலீஸ், கோர்ட்டு என்று சிக்கிக்கொள்ளும் நம்மவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லி உதவுவதைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். அதில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: "ஆள் எங்கே இருக்கிறான்?" இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோவில்பட்டியிலிருந்து ஒரு அப்பா கூப்பிட்டார். "தம்பி, பையன் ரெண்டு நாளா போன எடுக்க மாட்டேங்கான். கூட்டாளிய பாக்கக் கார்ல போனான். வழியில போலீஸ் பிடிச்சிட்டாங்கன்னு ஒருத்தர் சொல்லுதாரு" என்றார். "எந்த ஊர்ப் பக்கம் அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இந்தத் தேடல் ஏன் கடினம் என்றால், ஒருவர் கைதானால் முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கவுண்டி ஜெயில். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. ஆனால் நாடு முழுக்க 3,100க்கும் மேல் இருக்கின்றன. டெக்சாஸில் மட்டும் 254. லவ்விங் கவுண்டி என்று ஒன்று, 2020 கணக்கெடுப்பில் அங்கே மொத்த ஜனத்தொகையே 64 பேர். பெரும்பாலான மாநிலங்களில் ஜெயிலை நடத்துபவர் ஷெரிஃப், அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். ஒவ்வொரு ஷெரிஃபும் பதிவேட்டைத் தன் வழியில் வைத்திருப்பார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்கும் அரசுப் பட்டியல் கிடையாது. மாநிலச் சிறைக்குத் தனிப் பட்டியல் உண்டு, ஆனால் அது தண்டனை பெற்றவர்களுக்கு. நேற்று ராத்திரி பிடிபட்ட பையன் அதில் இருக்க மாட்டான்.

பிடித்து வந்ததும் நடப்பதற்குப் புக்கிங் என்று பெயர். கைரேகை, போட்டோ, சட்டைப்பையில் இருந்த சாமான்களின் கணக்கு, ஒரு புக்கிங் நம்பர். பல கவுண்டிகள் உள்ளே இருப்பவர்களின் பட்டியலை இணையத்தில் போடுகின்றன. பெயர், வயது, பிடிபட்ட நேரம், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் அதில் இருக்கும். சின்ன கவுண்டிகளில் சிலவற்றில் அதுவும் கிடையாது, போன் போட்டுக் கேட்க வேண்டியதுதான். சில கவுண்டிகளுக்கு ஜெயிலே இல்லை, பக்கத்துக் கவுண்டியில் இடம் வாங்கி ஆளை அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். பிடித்த ஊர் ஒன்று, இருக்கும் ஊர் இன்னொன்று என்று ஆகிவிடும்.

சரி, கோவில்பட்டிப் பையன் கதைக்கு வருகிறேன். அவன் போன சாலையை வைத்து மூன்று கவுண்டிகளைக் குறித்துக்கொண்டேன். மூன்று இடத்திலும் "அப்படி யாரும் இல்லை" என்றார்கள். பிறகுதான் அவன் பாஸ்போர்ட் நகலை அனுப்பச் சொன்னேன். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் முழுப்பெயர். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் அந்தக் காலி இடத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்தைப் போடுவார்கள். "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம். அதுவே லைசென்ஸிலும் ஏறிவிடும். ஜெயிலில் பதிவு செய்தவர் அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்து எஃப் வரிசையில் சேர்த்திருந்தார். அப்பா பெயரின் எழுத்தை முன்னால் போட்டு நாங்கள் எத்தனை முறை தேடினாலும் எப்படிக் கிடைக்கும்?

பிறந்த தேதியிலும் இதே சிக்கல். நாம் 5-11 என்றால் நவம்பர் 5. அவர்கள் அதை மே 11 என்று வாசிப்பார்கள். நான் போனில் "அஞ்சு, பதினொண்ணு" என்று சொல்லியிருந்தேன். தப்பு என்னுடையது. மாதத்தைப் பெயர் சொல்லிக் கேட்டதும் இரண்டே நிமிடத்தில் ஆள் கிடைத்தான். பழைய வேக அபராதச் சீட்டுக்குக் கோர்ட்டுக்குப் போகாததால் வாரண்ட் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இது சின்ன விஷயமாக முடிந்தது. முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2015 ஜூலை 10, வெள்ளிக்கிழமை. ஹூஸ்டனுக்கு வடமேற்கே இருக்கும் வாலர் கவுண்டியில் சான்ட்ரா பிளாண்ட் என்ற 28 வயதுப் பெண்ணின் காரை நிறுத்தினார்கள். தடம் மாறும்போது இண்டிகேட்டர் விளக்குப் போடவில்லை என்பது காரணம். வாக்குவாதம் முற்றி, கைது. ஜாமீன் 5,000 டாலர், அதில் பத்தில் ஒரு பங்காக 500 டாலர் போல் கட்டியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். குடும்பம் இருந்தது இல்லினாய் மாநிலத்தில். திங்கட்கிழமை காலை அவர் அறையில் இறந்து கிடந்தார். தற்கொலை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். மணிக்கு ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியை அந்த ஜெயில் பின்பற்றவில்லை என்று மாநில ஜெயில் கண்காணிப்பு ஆணையம் குறை கண்டது. அவர் பெயரிலேயே 2017ல் டெக்சாஸில் ஒரு சட்டம் வந்தது. ஜெயிலர் உண்மையிலேயே வந்து பார்த்தாரா என்று கருவி மூலம் பதிவாக வேண்டும் என்பதும் அதில் ஒன்று. பேனாவால் எழுதிய நேரத்தை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியாது என்று ஒரு உயிர் போன பிறகு முடிவானது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

அடுத்தது விடுதலைப் பதிவு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இணையப் பட்டியல் பொதுவாக இப்போது உள்ளே இருப்பவர்களை மட்டும் காட்டும். வெளியே விட்டதும் பெயர் மறைந்துவிடும். ஜாமீனா, வழக்குத் தள்ளுபடியா, வேறு கவுண்டிக்கு மாற்றமா, குடியேற்றத் துறை கூட்டிப்போனதா, மறைந்த பெயர் எதையும் சொல்லாது. அதனால் பெயரைக் கண்டதும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். புக்கிங் நம்பரும் வழக்கு நம்பரும் கையில் இருந்தால், பெயர் மறைந்த பிறகும் கோர்ட்டு கிளார்க் ஆபீஸில் கேட்கலாம். டெக்சாஸில் பொதுவாகச் சின்னக் குற்றம் என்றால் கவுண்டி கிளார்க், பெரிய குற்றம் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்.

விடுதலையை உரியவருக்குச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் கற்றுக்கொண்டது. மேரி பைரன் என்ற பெண்ணைக் கொடுமைப்படுத்திய முன்னாள் காதலன் ஜெயிலில் இருந்தான். அவனை ஜாமீனில் விட்டது அவருக்கோ பெற்றோருக்கோ தெரியாது. 1993 டிசம்பர் 6, அவருடைய 21வது பிறந்தநாள். வேலை முடிந்து காரில் ஏறியவரை அவன் சுட்டுக் கொன்றான். அடுத்த வருடமே அந்த ஊரில் வைன் என்ற அறிவிப்பு முறை வந்தது. இன்றைக்குப் பெரும்பாலான மாநிலங்களில், கிராமக் கவுண்டிகள் வரைக்கும் அது இருக்கிறது. கட்டணம் இல்லை. பாதிக்கப்பட்டவர்தான் என்று இல்லை, குடும்பத்தாரும் பதிந்துகொள்ளலாம். ஆளை விட்டாலோ இடம் மாற்றினாலோ போன் வரும். பதியும்போது நான்கு இலக்க ரகசிய எண் ஒன்றைக் கொடுப்போம், போனில் அதை அழுத்தாவிட்டால் திரும்பத் திரும்ப மணி அடிக்கும். தூங்கிவிட்டேன், பார்க்கவில்லை என்று ஆகக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

குடியேற்றத் துறை பிடித்திருந்தால் கதை வேறு. பல கிராமக் கவுண்டி ஜெயில்கள் மத்திய அரசுக்கு இடத்தை வாடகைக்கு விடுகின்றன. அப்படி வைக்கப்பட்டவர்களின் விவரத்தை ஜெயிலே வெளியிடக் கூடாது என்று மத்திய விதி இருக்கிறது. ஷெரிஃப் ஆபீஸில் எத்தனை முறை கேட்டாலும் பதில் வராமல் போகலாம். அந்தத் துறைக்கென்று தனித் தேடுதளம் உண்டு. ஏ நம்பர் என்று குடியேற்றத் துறை ஒருவருக்குக் கொடுக்கும் ஒன்பது இலக்க எண்ணும் பிறந்த நாடும் தெரிந்தால் அதில் தேடலாம். பெயரை வைத்துத் தேடினால் ஓர் எழுத்து பிசகினாலும் கிடைக்காது.

தூதரகத்தைப் பற்றியும் கேட்பார்கள். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமகன் என்றால், அவர் கேட்காவிட்டாலும் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியருக்கு அப்படி இல்லை. வேண்டுமா என்று அவரைத்தான் கேட்பார்கள், அவர்தான் வேண்டும் என்று சொல்ல வேண்டும். பயத்திலும் வெட்கத்திலும் "வேண்டாம், வீட்டுக்குத் தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் பிள்ளை படிக்கிற பெற்றோர் அவனிடம் ஒரு தடவை சொல்லி வையுங்கள்: பிடிபட்டால் திட்ட மாட்டோம், முதலில் எங்களுக்குத் தெரியட்டும் என்று.

கூடவே ஒரு தாள் எழுதி வீட்டில் வையுங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்துப் பெயர், அமெரிக்க லைசென்ஸில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படி இன்னொரு வரி, மாதத்தை எழுத்தால் எழுதிய பிறந்த தேதி, ஏ நம்பர் இருந்தால் அது, கூட இருக்கும் நண்பர்கள் இரண்டு பேரின் போன் நம்பர். கோவில்பட்டி அண்ணாச்சி அதைப் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.